இறுகிப்போன கார் திருகுகளும் இம்பாக்ட் திருப்புளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவான்மியூர், பெசன்ட் நகர், எண்ணூர் என்று கடலோரத் தெருக்களில் நிற்கும் கார்களின் முன்சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் டிஸ்க்கை ஹப்போடு (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) பிடித்திருக்கும் சிறிய திருகுகள் பழுப்பேறிப்போய்க் கண்ணில் படும். சாதாரணத் திருப்புளியை வைத்துப் பலமாக ஒருமுறை திருகினாலே தலையிலுள்ள பிளஸ் வெட்டு வழுக்கி வட்டக் குழியாகிவிடும். அதன் பிறகு டிரில்தான் வழி. அந்த நிலைக்குப் போகாமல் காப்பாற்றும் கருவி, சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் திருப்புளி. சொந்தக் காரில் சிறு வேலைகளைத் தாங்களே செய்துகொள்கிறவர்களும் புதிதாகப் பட்டறை தொடங்கியவர்களும் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். என் கட்சி ஒன்றுதான்: கைப்பிடியைப் பார்த்து வாங்காதீர்கள், பிட்டை, அதாவது திருகின் வெட்டுக்குள் இறங்கும் மாற்றக்கூடிய முனையைப் பார்த்து வாங்குங்கள்.

சுத்தியலால் நேராக அடித்தால் திருகு எப்படிச் சுழலும்?

கருவியின் தடித்த உருளைக்குள் ஒரு சாய்வான வழித்தடம் இருக்கிறது. பின்பக்கம் அடி விழுந்ததும் உருளை கீழே இறங்குகிறது. அந்தச் சாய்வு, உள்ளே இருக்கும் தண்டைச் சில பாகை திருப்பிவிடுகிறது. அடி முடிந்ததும் ஸ்பிரிங் உருளையைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும்.

முக்கியமான விஷயம் திருப்புவது மட்டுமல்ல. பிளஸ் வெட்டுள்ள திருகில் திருப்புளி நழுவுவதற்குக் காரணம், வெட்டின் சுவர்கள் சற்றே சாய்வாக இருப்பதுதான். திருப்பத் திருப்ப அந்தச் சாய்வு திருப்புளியை வெளியே தள்ளும். இம்பாக்ட் திருப்புளியில் திருப்பு விசையும் கீழ்நோக்கிய அழுத்தமும் ஒரே நொடியில் வந்து சேர்கின்றன. பிட் வெளியே வர நினைக்கும் அதே கணத்தில் ஒரு கிலோ சுத்தியல் அதை உள்ளே அழுத்திப் பிடித்துவிடுகிறது. கூடவே அந்த அதிர்ச்சி மரைகளுக்கிடையே படிந்த துருவையும் உடைக்கிறது. கையால் எவ்வளவு முக்கினாலும் கிடைக்காத பலன் இது.

திருகுகள் ஏன் இப்படி இறுகுகின்றன? சென்னையில் இது அதிகமா?

துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கிடையே இருக்கும் முடியளவு இடைவெளியில் துரு வளர்ந்தால் அது ஆப்புப்போல இறுக்கிவிடும். டிஸ்க் திருகின் தலை கூம்பு வடிவம். டிஸ்க்கின் பள்ளத்துக்குள் அது முழுதாக உட்கார்ந்திருப்பதால், மரை மட்டுமல்லாமல் அந்தக் கூம்புப் பரப்பும் துருவால் ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் முதலில் விடுபட வேண்டியது அந்தக் கூம்புதான். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சூடாகிக் குளிர்வதும் இந்தப் பிடிப்பை வலுவாக்குகிறது.

சென்னையில் கடற்காற்றின் உப்பும் ஆண்டு முழுவதும் நீடிக்கும் ஈரமும் சேர்ந்துகொள்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் தெருவில் தேங்கும் நீர் ஹப் உயரத்துக்கு ஏறுவது நமக்குப் புதிதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. அப்படி நின்ற காரில் எஞ்சினையும் இருக்கைகளையும் சரிசெய்திருப்பார்கள். கதவுக் கீல், கதவுப் பூட்டுக் கொக்கி, டிஸ்க் ஆகியவற்றின் திருகுகளை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பழைய கார் வாங்கியவர்கள் முதல் பிரேக் வேலையின்போதுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் டிரைவர் வைத்திருக்கிறேன். இதையும் வாங்க வேண்டுமா?

பிளஸ் வெட்டுத் திருகுகளுக்கு, ஆம். பேட்டரிக் கருவி சுழற்சித் திசையில் மட்டுமே அடிக்கிறது. திருகின் தலைக்குள் பிட்டை அழுத்திப் பிடிப்பது உங்கள் தோள் வலிமையைப் பொறுத்தது. அறுகோணத் தலை போல்ட்டுகளுக்கு அது அருமையான கருவி, அங்கே நழுவ எதுவும் இல்லை. துருப்பிடித்த பிளஸ் திருகில் அதே வேகம் ஒரே நொடியில் வெட்டைச் சிதைத்துவிடும். சந்தேகமிருந்தால் முதலில் கையால் அடிக்கும் கருவியைக் கொண்டு திருகை அசைத்துவிடுங்கள். அசைந்த பிறகு பேட்டரிக் கருவியால் வெளியே எடுக்கலாம்.

காரில் எந்தெந்த இடங்களில் இது உதவும்?

முதலிடம் டிஸ்க் திருகுக்கு. ஹோண்டா, ஹூண்டாய் கார்கள் பலவற்றில் இது எம் 6 அளவில் (6 மி.மீ. மரை), மூன்றாம் எண் பிளஸ் வெட்டோடு இருக்கும் (எண் கூடினால் வெட்டு பெரிது). வோக்ஸ்வேகன், ஸ்கோடா வகைகளில் ஆறு முனை கொண்ட டார்க்ஸ் டி 30. சில கார்களில் இந்தத் திருகே கிடையாது, சக்கர நட்டுகள்தான் டிஸ்க்கைப் பிடித்திருக்கும்.

அடுத்தது கதவுத் தூணில் இருக்கும் பூட்டுக் கொக்கியின் திருகுகள். கதவு சரியாக மூடாதபோது இவற்றைத் தளர்த்திக் கொக்கியை நகர்த்த வேண்டியிருக்கும். தளர்த்தும் முன் கொக்கியைச் சுற்றி மார்க்கரால் கோடு வரைந்துவிடுங்கள். இல்லையென்றால் பழைய இடத்தைத் தேடியே அரை நாள் போய்விடும். இரண்டு திருகுகளையும் ஒரேயடியாக வெளியே எடுக்காதீர்கள். சில கார்களில் அவற்றைப் பிடித்திருக்கும் மரைத்தகடு தூணுக்குள் சரிந்து விழுந்துவிடும்.

கதவுக் கீல் திருகுகள், பின்சக்கர டிரம்மைப் பிடித்திருக்கும் திருகுகள், அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளின் தட்டை வெட்டுத் திருகுகள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

எங்கே பயன்படுத்தவே கூடாது?

அடியைத் தாங்கும் கனமான உலோகம் பின்னால் இல்லாத எந்த இடத்திலும் கூடாது. டாஷ்போர்டு, விளக்குக் கூடு, பிளாஸ்டிக் மூடிகள் எல்லாம் விலக்கு. மெல்லிய அலுமினிய வார்ப்புகளான கார்புரேட்டர், திராட்டில் பாடி போன்றவை ஓர் அடியில் விரிசல் விடும். மெல்லிய தகட்டில் அடித்தால் தகடு குழியும், அடியின் வலிமையும் அதிலேயே கரைந்துவிடும்.

ஏர்பேக் உள்ள கார்களில் இன்னொரு எச்சரிக்கை. பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார்கள் பல கார்களில் கதவுத் தூணுக்குள்தான் இருக்கின்றன. அங்கே சுத்தியல் எடுக்கும் முன் இக்னிஷனை நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். எவ்வளவு நேரம் என்பது உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். ஸ்டியரிங் தண்டின் அருகிலும் நடுக் கன்சோலின் அடியிலும் சுத்தியலே வேண்டாம்.

எந்த அளவு வாங்குவது? கடையில் சின்னது, பெரியது என்று காட்டுகிறார்கள்.

கார் வேலைக்கு அரை அங்குலச் சதுரத் தண்டுள்ள, கையில் எடுத்ததும் கனமாகத் தெரியும் கருவியை வாங்குங்கள். கனம் இங்கே வீண் இல்லை. அடி விழும்போது பிட் இடப்பக்கம் திரும்ப முயன்றால் உருளை வலப்பக்கம் திரும்ப முயலும். உருளை இலேசாக இருந்தால் திருகுக்குப் பதில் உங்கள் கைதான் திரும்பும்.

அதைவிட முக்கியமானது பிட்டின் அடிப்பகுதி. பெரும்பாலான செட்டுகளில் இது 8 மி.மீ. அறுகோணம். சில மலிவான செட்டுகளிலும் சிறிய கருவிகளிலும் 6.35 மி.மீ. அறுகோணம் வரும். மின் டிரில்லில் நாம் மாட்டும் அதே பிட்டுகள் அவை. மர வேலைக்கு அவை போதும். துருப்பிடித்த மூன்றாம் எண் திருகில் ஒரு கிலோ சுத்தியலைத் தாங்காமல் அந்த மெல்லிய கழுத்து முறுக்கிக்கொள்ளும் அல்லது உடையும். ஆகவே 8 மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள்.

அரை அங்குலத் தண்டுக்கு இன்னொரு வசதி உண்டு. பிட் பிடிப்பானைக் கழற்றிவிட்டு சாக்கெட்டையே மாட்டலாம். அப்போது கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் மட்டும் பயன்படுத்துங்கள். பளபளக்கும் குரோம் பூசிய சாதாரணச் சாக்கெட் அடியில் விரிசல் விட்டுத் தெறிக்கக்கூடும்.

திருப்புளி வடிவிலேயே கைப்பிடியோடு வரும் அடிக்கும் கருவிகளும் இருக்கின்றன. ஜப்பானின் வெஸ்ஸல் நிறுவனத்தின் இம்பாக்டா அதில் பெயர் பெற்றது. சிறு திருகுகளுக்கும் இருசக்கர வாகன வேலைக்கும் அது கையடக்கமானது. டிஸ்க் திருகுக்கு என்னைக் கேட்டால் கனமான உருளைதான்.

பிட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறீர்கள்?

சுத்தியலின் வலிமை முழுவதும் கடைசியில் கடந்துபோவது பிட் முனையின் நான்கு சிறிய சிறகுகள் வழியாகத்தான். உருளை உலகத்தரமாக இருந்தாலும், பிட் வெட்டின் அடிவரை இறங்கவில்லை என்றால் அடிக்கிற ஒவ்வோர் அடியும் திருகின் தலையைக் கெடுக்கும் வேலையைத்தான் செய்யும்.

பலர் இரண்டாம் எண் பிளஸ் பிட்டை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். டிஸ்க் திருகின் மூன்றாம் எண் வெட்டில் அது உள்ளே இறங்கும், சுழலவும் செய்யும், அதனால் சரியென்று தோன்றும். உற்றுப் பாருங்கள். இரண்டாம் எண்ணின் முனை அடியைத் தொட்டபோதும் அதன் சிறகுகள் பக்கச் சுவர்களைத் தொடாமல் இடைவெளி விட்டிருக்கும். மூன்றாம் எண்ணை வைத்தால் அந்த இடைவெளி மறைந்து, பிட் தானாகவே நேராக நிற்கும். கடைக்குப் போகும்போது உங்கள் காரின் டிஸ்க் திருகு போன்ற புதுத் திருகு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். பிட்டைப் படுக்கை வாட்டில் பிடித்து, முனையில் திருகைச் செருகிப் பாருங்கள். தலை ஆடாமல் பிட்டோடு ஒட்டி நின்றால் அது உங்கள் பிட். தள்ளாடினால் அடுத்ததைக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இன்னொரு சிக்கல், பிளஸ் வெட்டுகள் எல்லாம் ஒன்றல்ல. பிலிப்ஸ் வெட்டு 1930களில் அமெரிக்காவில் வந்தது, 1936இல் கேடிலாக் கார்களில் முதலில் பயன்பட்டது. ஜப்பானிய வாகனங்களில் நீண்டகாலம் புழங்கியது ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானியத் தொழில்துறைத் தரத்தின் வெட்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஜே.ஐ.எஸ். திருகில் பிலிப்ஸ் முனை அடிவரை உட்காராது. திருகுத் தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் ஜே.ஐ.எஸ். ஜப்பானியத் தயாரிப்பு பிட்டுகள் இரண்டு வகையிலும் நன்றாக உட்காரும் என்பதால், கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது மூன்றாம் எண்ணில் அப்படி ஒரு பிட்டைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஐரோப்பியப் பொருள்களில் பிளஸ்ஸின் நான்கு கைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போசிட்ரிவ் வகை. அதற்குத் தனிப் பிட் வேண்டும்.

பிட்டின் தரத்தைக் கண்ணால் எப்படிக் கண்டுபிடிப்பது?

எஸ் 2 என்று பொறித்திருந்தால் அது அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே உள்ள எஃகு வகை. பொறித்திருப்பதை மட்டும் நம்பிவிடாமல் முனையைப் பாருங்கள். நான்கு சிறகுகளின் ஓரமும் கூர்மையாக, ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். வார்ப்பில் வழிந்த பிசிறோ பூச்சு செதில் செதிலாக உரிந்த இடமோ இருந்தால் ஒதுக்குங்கள். பிடிப்பானுக்குள் பிட்டைச் செருகி அசைத்துப் பாருங்கள், அதிகம் ஆடக்கூடாது.

உருளையைச் சோதிப்பது எளிது. பிட்டை ஒரு மரக்கட்டையில் ஊன்றி உருளையை அழுத்துங்கள். உள்ளே இறங்கித் திரும்பி, விட்டதும் தடையில்லாமல் மேலே வர வேண்டும். திசை மாற்றும் அமைப்பை இருபுறமும் மாற்றிப் பாருங்கள். புதிதிலேயே சிக்கினால் வேறொன்றைக் கேளுங்கள்.

சென்னையில் எங்கே வாங்கலாம்? விலை?

பிராட்வே, லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் கருவிக் கடைகள் நிறைய. கையில் எடுத்துப் பார்த்து வாங்க அந்தப் பகுதிதான் என் விருப்பம். கார் உதிரிபாகங்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. புதிய டிஸ்க் திருகுகளை அங்கே கார் பெயரும் மாடல் ஆண்டும் சொல்லிக் கேட்கலாம். எழும்பூருக்கு அருகிலுள்ள புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் பாகங்கள் கிடைக்கும். பழைய ஹப்பும் டிஸ்க்கும் சேர்ந்து துருப்பிடித்த ஒன்று மலிவாகக் கிடைத்தால் வாங்கி, சொந்தக் காரில் கை வைக்கும் முன் அதில் பழகுங்கள். இதைவிட நல்ல பயிற்சி வேறு இல்லை.

சாதாரண செட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஜப்பானியத் தயாரிப்பு அதைப்போலப் பல மடங்கு. ஆண்டுக்கு ஒருமுறை பயன்படுத்துகிறவர் சாதாரண உருளையையும் உயர்தரமான மூன்றாம் எண் பிட் ஒன்றையும் வாங்கினால் போதும். பட்டறைக்காரர் இரண்டையும் நல்லதாகவே வாங்க வேண்டும்.

எந்தச் சுத்தியல்?

ஒரு கிலோ முதல் ஒன்றரை கிலோ வரையுள்ள இரும்புச் சுத்தியல். ஆணி அடிக்கும் சிறிய சுத்தியலால் இருபது முறை தட்டுவதைவிடக் கனமான சுத்தியலால் இரண்டு முறை திடமாக அடிப்பது மேல். சிறு சுத்தியல் துள்ளித் திரும்பிவிடும், துரு உடையாது. ரப்பர் சுத்தியலும் பிளாஸ்டிக் சுத்தியலும் அடியைத் தாமே விழுங்கிவிடும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ஓர் அடிகூட அடிக்காதீர்கள். உலோகச் செதில் தெறித்தால் கண்ணுக்குத்தான் போகும். கருவியைப் பிடிக்கும் கைக்குத் தடித்த கையுறை வேண்டும்.

டிஸ்க் திருகை எடுப்பதைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

காரைச் சமதரையில் நிறுத்தி, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிச் சுத்தியல் வேலை செய்யக்கூடாது. சக்கரத்தைக் கழற்றுங்கள், ஆனால் காலிப்பரை (பிரேக் பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் பகுதி) கழற்றாதீர்கள். பலர் வழக்கப்படி காலிப்பரை முதலில் எடுத்துவிடுகிறார்கள். பிறகு அடிக்கும்போது ஹப் சுழன்று கைகொடுக்காமல் போகிறது. காலிப்பர் இருக்கும்போதே வீட்டில் ஒருவரை பிரேக் மிதியை அழுத்திப் பிடிக்கச் சொன்னால் டிஸ்க் அசையாமல் நிற்கும்.

திருகின் வெட்டுக்குள் கெட்டிப்பட்டிருக்கும் துருவையும் பிரேக் தூசியையும் கூரான ஊசியாலோ சிறு ஆணியாலோ முழுதாகச் சுரண்டி எடுங்கள். வெட்டின் அடி தெரிய வேண்டும். அடியில் அரை மி.மீ. தூசி இருந்தாலும் பிட் அரை மி.மீ. மேலேயே நிற்கும். வழுக்குவதற்கு அதுவே போதும். பிறகு துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். முந்தின நாள் இரவே விட்டு வைத்தால் இன்னும் நல்லது. எண்ணெய் டிஸ்க்கின் உராயும் பரப்பிலோ பேடிலோ படாதவாறு துணியால் மறைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்குள் மீதமிருக்கும் எண்ணெயை அடிக்கும் முன் துடைத்துவிடுங்கள், அது முனையை வழுக்கவைக்கும்.

கருவியைக் கழற்றும் திசையில் வைத்திருக்கிறோமா என்று மரக்கட்டையில் ஒருமுறை தட்டி உறுதிசெய்யுங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது பிட் இடப்பக்கமாக, அதாவது கடிகார எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். திசை மாறியிருந்தால் திருகை இன்னும் இறுக்கிவிடுவீர்கள்.

பிட்டைத் திருகில் செருகி, மெதுவாக ஒரு தட்டுத் தட்டி உட்காரவையுங்கள். இனி அடிக்கும் முன் உருளையைக் கையால் இடப்பக்கம் இறுக்கமாக முறுக்கிப் பிடியுங்கள். இந்த முறுக்கைத் தளர்த்தாமலே அடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் அடிப்பவர்கள்தான் கருவி வேலை செய்யவில்லை என்று சொல்கிறார்கள். சுத்தியலின் முகம் கருவியின் பின்புறத்தில் முழுதாக, நேராக விழட்டும். திருகின் தலையிலிருந்து டிஸ்க் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைத்தால் அசைந்ததா என்று தெரியும். மூன்று நான்கு அடிக்கு ஒருமுறை நிறுத்திக் கோட்டைப் பாருங்கள். கோடு சற்றே விலகிவிட்டால் வேலை முடிந்தது. மீதியைச் சாதாரணத் திருப்புளியே பார்த்துக்கொள்ளும்.

இத்தனை அடி சக்கர பேரிங்கைக் கெடுக்காதா?

நியாயமான கேள்வி. அடி டிஸ்க் வழியாக ஹப்புக்கும், அங்கிருந்து பேரிங்குக்கும் போகத்தான் செய்கிறது. பேரிங் குண்டுகள் ஓடும் பாதையில் கடுமையான அடி சிறு பள்ளங்களை உண்டாக்க முடியும். பிறகு ஓட்டும்போது இரைச்சல் வரும். அதனால்தான் எண்ணெயில் ஊறவைத்து, கனமான சுத்தியலால் சில அடிகளில் முடிக்கச் சொல்கிறேன். ஆறேழு நல்ல அடியிலும் கோடு விலகவில்லை என்றால் அடிப்பதை நிறுத்துங்கள். கோபத்தில் இருபது முப்பது என்று அடித்துத் தள்ளுவது ஒரு சிறிய திருகுக்காக ஒரு பேரிங்கைப் பலி கொடுப்பதாகும்.

நிறுத்திய பிறகு என்ன செய்வது? சூடாக்கலாமா?

சூடாக்கலாம், ஆனால் திறந்த தீ வேண்டாம். சக்கரத்தைச் சுற்றி ரப்பர் உறைகள், பிரேக் குழாய், ஏ.பி.எஸ். வயர் எல்லாம் இருக்கின்றன. நீங்கள் விட்ட எண்ணெயும் தீப்பிடிக்கும். சூடான காற்று ஊதும் ஹீட் கன் கொண்டு திருகின் சுற்றுப்புறத்தைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய் விடுங்கள். பிரேக் கிளீனர் தெளித்த இடத்தைச் சூடாக்கவே கூடாது. குளோரின் கலந்த கிளீனர் சூட்டில் உயிருக்கு ஆபத்தான நச்சு வாயுவாக மாறும்.

தலையின் வெட்டு ஓரளவு கெட்டுப்போயிருந்தால், வால்வு தேய்க்கப் பயன்படும் கிரைண்டிங் பேஸ்ட் துளியளவு பிட் முனையில் தடவுங்கள். அதிலுள்ள சொரசொரப்பான துகள்கள் பிடிப்பைக் கொடுக்கும்.

வெட்டு முழுதாகவே போய்விட்டது. இனி?

பயப்பட ஒன்றுமில்லை. தலையின் நடுவில் சென்டர் பஞ்சால் குறியிட்டு, 3 மி.மீ. டிரில்லால் தொடங்கி, படிப்படியாக 6.5 மி.மீ. வரை துளையுங்கள். ஒரு கட்டத்தில் திருகின் தலை தண்டிலிருந்து பிரிந்து டிரில்லோடு சுற்றும். டிஸ்க் வெளியே வந்த பிறகு ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத் தண்டைப் பூட்டுப் பிளையரால் பிடித்துத் திருப்புங்கள். தலையின் இறுக்கம் போய்விட்டதால் அது பெரும்பாலும் சுலபமாக வரும்.

டிஸ்க் இன்னும் ஹப்பில் ஒட்டியிருந்தால், அதில் மரை வெட்டிய இரண்டு வெற்றுத் துளைகள் இருக்கிறதா பாருங்கள். ஹோண்டா டிஸ்க்குகளில் அவை எம் 8, 1.25 மரை. அந்த அளவு போல்ட் இரண்டை மாறி மாறி இறுக்கினால் டிஸ்க் தானே வெளியே தள்ளப்படும். புது டிஸ்க் போடத்தான் போகிறீர்கள் என்றாலும் பழையதைச் சுத்தியலால் வெளுக்க வேண்டியதில்லை.

தண்டு ஹப்பின் மட்டத்திலேயே உடைந்துவிட்டால் அம்பத்தூர், பாடி, கிண்டி பக்கம் லேத் பட்டறைகளுக்குக் கொண்டுபோங்கள், அல்லது வெல்டிங்காரரிடம் அதன்மேல் ஒரு நட்டைப் பற்றவைத்துக் கழற்றச் சொல்லுங்கள். கார் மேலேயே பற்றவைக்கிறார் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

திருகைத் திரும்பப் போடாமலே விட்டுவிடலாமா?

சக்கரம் மாட்டிய பிறகு டிஸ்க்கை ஹப்போடு அழுத்திப் பிடிப்பது சக்கர நட்டுகள்தான். இந்தத் திருகு, சக்கரம் இல்லாதபோது டிஸ்க் இடம் மாறாமல் நிற்பதற்காக இருக்கிறது. அதனால் இது இல்லாமல் ஓடும் கார்கள் நிறைய உண்டு. நான் போடச் சொல்வேன். வழியில் டயர் மாற்றும்போது டிஸ்க் சரிந்து, உதிர்ந்த துருத்துண்டு டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் இடையே சிக்கினால், பிறகு பிரேக் பிடிக்கையில் மிதி துடிக்கும். புதுத் திருகின் விலை அற்பம்.

திரும்பப் போடும்போது அடுத்த முறை இறுகாமல் இருக்க என்ன வழி?

பழைய திருகை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். ஹப்பின் மரையை எம் 6 டேப்பால் (மரை வெட்டும் கருவி) ஒருமுறை சுத்தம் செய்து, புதுத் திருகின் மரையிலும் கூம்பின் அடியிலும் இறுகாமல் தடுக்கும் ஆன்ட்டி சீஸ் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். அதிகம் தடவினால் சூட்டில் உருகி டிஸ்க்கின் மேல் வழியும். இறுக்கம் அதிகம் வேண்டியதே இல்லை: ஹோண்டா கையேடு சொல்வது 9.8 நியூட்டன் மீட்டர்தான். சாதாரணத் திருப்புளியால் மணிக்கட்டு வலிமையில் இறுக்கினால் போதும். இம்பாக்ட் திருப்புளியில் இறுக்கும் திசையும் இருக்கிறது என்பதற்காக அதைக்கொண்டு அடித்து இறுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை அந்தக் காரில் கை வைப்பவருக்குச் செய்யும் கொடுமை அது.

டபிள்யூ.டி. 40 போதாதா, தனியாக எண்ணெய் வாங்க வேண்டுமா?

அது 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. இலேசான துருவுக்கு உதவும். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு, துரு இளக்குவதற்கென்றே விற்கும் எண்ணெய்தான் சரி. எதுவானாலும் நேரம் கொடுக்க வேண்டும். தெளித்த ஐந்தாவது நிமிடம் சுத்தியல் எடுப்பவருக்கு எந்த எண்ணெயும் உதவாது.

கருவியைப் பராமரிப்பது எப்படி?

வேலை முடிந்ததும் துடைத்து, உருளையின் இடுக்கில் இரண்டு துளி எண்ணெய் விட்டுச் சில முறை அழுத்தி எடுங்கள். உள்ளே கிரீஸ் வற்றிப்போனால் சாய்வு வழித்தடம் சொரசொரக்கத் தொடங்கும், திருப்பம் குறையும். பிரிக்கக்கூடிய வகையென்றால் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து, கழுவி, புது கிரீஸ் வையுங்கள். செட்டோடு வரும் தகரப் பெட்டி நம் ஊர் ஈரத்தில் தானே துருப்பிடித்து, உள்ளே இருக்கும் பிட்டுகளுக்கும் துருவைக் கொடுக்கும். எண்ணெய்த் துணியில் சுற்றி மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவையுங்கள்.

நாளடைவில் அடி வாங்கும் பின்முகத்தின் விளிம்பு விரிந்து மடங்கும். அந்த விளிம்பு உடைந்து தெறிக்கும் முன் கிரைண்டரில் தேய்த்துச் சரிவாக்கிவிடுங்கள். பிட்டின் சிறகு ஒன்றின் ஓரம் மழுங்கினாலும் அந்தப் பிட்டை மாற்றிவிடுங்கள். தேய்த்துக் கூராக்கினால் அளவு மாறிவிடும், முனையின் கடினமும் போய்விடும்.